கொல்லைத் திண்ணைக்கும் கடைக்கால் வேண்டும்

வீட்டின் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி ஒரு சிறு திண்ணை அமைத்துக்கொள்ள நம் குடும்பங்களில் பலர் விரும்புகின்றனர். பெண்மக்கள் மாலையில் காற்றாட அமர்வதற்கும், முதியோர் கால் நீட்டி இளைப்பாறுவதற்கும் அதுவே இடம். பத்தடிக்கு ஆறடித் திண்ணைக்கு அஸ்திவாரம் எதற்கு என்றெண்ணி, வீடு கட்டியபோது எஞ்சிய உடைகற்களை வெறும் மண்மீது அடுக்கிப் பூசிவிடுகின்றனர். இரண்டு மழைக்காலம் கடந்ததும் ஒரு முனை இறங்கிவிடுகிறது. இருட்டில் கால் வைக்கும் உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறியுமானால், அச்செலவுக்கு முன் அஸ்திவாரச் செலவு எம்மாத்திரம்?

வாசகர்களே, கல்லை விலை பேசுமுன் மண்ணைப் பாருங்கள். சரளை கலந்த செம்மண்ணாயின் ஒன்றரை அடி தோண்டினாலே போதும். கரிசல் மண் அவ்வாறன்று. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மீது எக்கல்லை வைத்தாலும் கல்லும் சேர்ந்தே அசையும். ஆகவே கரிசலை மூன்றடி அளவுக்கு அகற்றி, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, நீர் தெளித்துத் திமிசால் இடித்து நிரப்ப வேண்டும்.

கடலோர ஊர்களில் பகை வேறு, அது உப்பு. நிலத்தின் ஈரத்தோடு உப்பு செங்கல்லுக்குள் ஏறுகிறது. ஈரம் உலர்ந்ததும் உள்ளேயே படிகமாகிக் கல்லை மாவாக உதிர்க்கிறது. அங்கே தரைமட்டம் வரையில் கருங்கல்லே தக்கது. மன்னார் வளைகுடாக் கரையில் முன்னாளில் பவளப்பாறைக் கல்லையும் கட்டடத்திற்கு எடுத்தனர். 2001இல் அப்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன; இன்று அதனைத் தொடுவது குற்றம். மணலையும் சிறிது நாவில் இட்டுப் பாருங்கள். கரித்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மற்ற ஊர்களில் செங்கல் போதும். ஆனால் நன்கு வெந்த செங்கல். இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழலாகாது. ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய பின் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுமாயின் அது வேகாத கல். 'மண்ணுக்குள்ளே போவதை யார் பார்க்கப் போகிறார்?' என்று கொத்தனார் கேட்பார். மண்ணுக்குள் போவதனாலேயே நல்ல கல் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பள்ளத்தின் அடியில் ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஒன்றரை ஜல்லி கலந்த கான்கிரீட்டை நான்கங்குலக் கனத்தில் இட்டு, அதன்மேல் சுவர் எழுப்புக. செங்கல்லை நனைத்த பின்னரே அடுக்க வேண்டும். கலவை ஒன்றுக்கு ஆறு போதும்.

பலரும் கவனியாத ஒன்று, வீட்டுச் சுவரோடு திண்ணையைப் பிணைப்பது. வீடு பல்லாண்டுக்கு முன்பே அமர்ந்துவிட்டது. திண்ணை இனிமேல்தான் அமரும். பிணைத்தால் பொருத்தில் விரிசல் விழும். திண்ணையின் நிரப்பு மண் வீட்டுச் சுவரில் படிந்தால் ஈரமும் உள்ளே ஏறும். அரையங்குல இடைவெளி விட்டுத் தனிச்சுவராகவே எழுப்பி, இடைவெளியின் வாயை மட்டும் தார் கொண்டு அடைக்கலாம். மேற்பரப்பு, வீட்டுக்கு எதிர்ப்புறமாக, ஆறடிக்கு முக்கால் அங்குலம் சரிந்திருக்கட்டும். பூச்சு முடிந்த பின் ஏழு நாளேனும் நீர் விட்டு நனைத்து வாருங்கள். அதுவரையில் பிள்ளைகளை அதன்மேல் ஏற விடாதீர்கள்.