பல்லு மேல ஆசிட்… பயப்படாதீங்க பாஸ்!

பைக்கில் சறுக்கி விழுந்து, கிரிக்கெட் பந்து பட்டு, 'கெத்து காட்றேன் பாரு'ன்னு சோடா மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்து… முன்பல் முனை உடைஞ்ச ஒருத்தராவது உங்க க்ளாஸ்ல கண்டிப்பா இருப்பார். க்ரூப் போட்டோவில் எல்லாரும் 'ஈ'ன்னு சிரிக்க, அவர் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பார். அந்தப் பல்லைப் பிடுங்கித்தான் ஆகணுமா? பெரும்பாலும் தேவையே இல்லை. உடைஞ்ச இடத்தை ஒட்டவெச்சு, பழைய சிரிப்பைத் திருப்பித் தர ஒரு டெக்னிக் இருக்கு. அதோட முதல் ஸ்டெப்பைக் கேட்டாத்தான் அலறுவீங்க. பல்லு மேல ஆசிட் தடவுறது!

ஆசிட் பேர் பாஸ்பாரிக் அமிலம். சிவகாசிக்காரங்களுக்கு இது தெரிஞ்ச ஆள்தான்.

பிரஸ்ஸில் இருக்கிற அதே ஆள்!

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டின்னா லேபிள் வேணும், லேபிள்னா அச்சு வேணும். அப்படி வளர்ந்த ஊர்ல இன்னிக்கு எந்தத் தெருவில் திரும்பினாலும் ஆஃப்செட் மெஷின் சத்தம். அந்த மெஷினில் மாட்டுற அலுமினிய ப்ளேட்டைப் பார்த்தா வழவழன்னு தெரியும். ஆனா, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுற மாதிரி அதை முதல்லயே சொரசொரப்பாக்கி இருப்பாங்க. அப்பதான் கோட்டிங் பிடிக்கும், தண்ணி நிக்கும். ப்ளேட்டை நனைக்கிற ஃபவுண்டன் கரைசல்கள் பலதுல, கோந்தோட கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலமும் கலந்திருக்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? பஞ்சர் கடைக்குப் போங்க. அண்ணன் ட்யூபில் நேரா சொல்யூஷனைத் தடவிட மாட்டார். முதல்ல அரத்தால் 'சரக் சரக்'னு தேய்ச்சுட்டுத்தான் தடவுவார். பசை எவ்வளவு காஸ்ட்லின்றது ரெண்டாவது விஷயம். ஒட்டப்போற இடம் ரெடியா இருக்காங்கிறதுதான் முதல் விஷயம். பல்லுக்கும் இதே தியரிதான்!

1955-ல் விழுந்த ஐடியா

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவர் மைக்கேல் புவானகோர். உலோகத்தில் பெயின்ட்டும் ரெசினும் நல்லாப் பிடிக்க தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துறதைக் கவனிச்சார். 'இதையே பல்லில் செஞ்சா என்ன?'ன்னு எனாமலில் 85 சதவிகித அமிலத்தை 30 விநாடி வெச்சுக் கழுவி, மேலே அக்ரிலிக்கை ஒட்டிப் பார்த்தார். சாதாரணப் பல்லைவிட, அமிலம் பட்ட பல்லில் அது பல மடங்கு நேரம் பிடிச்சு நின்னுச்சு. 1955-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அதுக்கு முன்னாடி பல்லை அடைக்கணும்னா, பானை மாதிரி வாய் குறுகலா, அடி அகலமா குடைஞ்சாத்தான் உலோகக் கலவை கழண்டு விழாம நிக்கும். அதுக்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடையணும். ஒட்டுற வித்தை வந்த பிறகு, சொத்தை இருக்கிற இடத்தை மட்டும் எடுத்தா போதும்னு ஆச்சு.

இதுல சிவகாசிப் பக்கம் சொல்லவேண்டிய இன்னொரு கதையும் இருக்கு. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடை எலும்பையே அழுக வெச்சது வெள்ளை பாஸ்பரஸ். அந்தத் தீக்குச்சிகளை இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டுத் தடை பண்ணினதால, அதுக்குப் பிறகு பிறந்த சிவகாசி தப்பிச்சது. தாடையைத் தின்ன அதே பாஸ்பரஸ், இன்னிக்கு அமில வேஷத்தில் வந்து பல்லைக் காப்பாத்துது!

சேரில் உட்கார்ந்தா என்ன நடக்கும்?

இப்போ பயன்படுறது சுமார் 37 சதவிகித அமிலம். வழிஞ்சு ஓடாம இருக்க ஜெல்லா வரும். எனாமலில் 15 முதல் 30 விநாடி. எனாமலில் எடைக்கு 96 சதவிகிதம் தாதுதான். அமிலம் அதுல கொஞ்சத்தைக் கரைச்சதும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தா தேன்கூடு மாதிரி குழிகள். நல்லாக் கழுவிக் காய வெச்சா, அந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துத் தெரியும். 

அடுத்து, தண்ணி மாதிரி மெல்லிசான ரெசின். அது குழிக்குள்ள இறங்கும். நீல லைட் அடிச்சதும் உள்ளேயே இறுகிடும். ஆயிரக்கணக்கான குட்டி ஆணி அடிச்ச மாதிரி! அதுக்கு மேல பல் கலர் காம்போசிட்டை ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கடுக்கா வெச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் லைட் அடிப்பாங்க. ஒரேயடியா அப்பினா அடி வரைக்கும் வெளிச்சம் போகாது. இறுகும்போது சுருங்குறதால ஓரத்தில் இடைவெளியும் விழும்.

எனாமல் பிடிமானம் சோதனைக்கூடத்தில் சுமார் 20 மெகாபாஸ்கல் வரும். மெக்கானிக்கல் பசங்களே, கணக்குப் போடுங்க… ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ரெண்டு கிலோ!

எனாமலுக்குக் கீழே இருக்கிற டென்டின்தான் வில்லன். அதுல தாது சுமார் 70 சதவிகிதம். மிச்சம் கொலாஜன் நாரும் தண்ணியும். அமிலம் போட்ட பிறகு ரொம்பக் காய வெச்சா நார் சுருண்டு படுத்துக்கும், பசை உள்ளே போகாது. ரொம்ப ஈரமா விட்டாலும் பிடிக்காது. 1982-ல் ஜப்பானின் நகபயாஷி, அந்த நாரும் ரெசினும் பின்னிக்கிட்டு ஒரு கலப்பு அடுக்கு உருவாகுதுன்னு காட்டினார். அந்த அடுக்கு சரியா அமையறதுக்குத்தான் டாக்டர் அவ்வளவு பொறுமையா வேலை பார்க்கிறார். நடுவுல எச்சில் பட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். 'டாக்டர், ஒரு நிமிஷம்'னு நடுவுல பேச ஆரம்பிச்சா, பஞ்சை மாத்திக்கிட்டே அவர் முறைக்கிறது அதனாலதான்!

தர்மபுரி பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணியில ஃப்ளூரைடு அதிகமாகிக் கறை படிஞ்ச பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு லேசில் மசியாது. டாக்டர் கூடுதல் நேரம் எடுத்தா அவசரப்படாதீங்க.

கூலியும் பல்லும்

இந்தப் பக்கம் பீஸ் கணக்கில் வேலை பார்க்கிற வீடுகள் நிறைய. லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு. அதனால பல்லு வலிச்சா கிராம்புத் தைலம், ஒரு வலி மாத்திரை, அவ்வளவுதான். வலி அடங்கும், சொத்தை அடங்காது. குழி சின்னதா இருக்கும்போது போனா பெரும்பாலும் ஒரே தடவையில் அடைச்சு முடிச்சிடலாம். தள்ளிப்போட்டா வேர் சிகிச்சை, கேப்புன்னு பல தடவை அலையணும், பல நாள் கூலி போகும். கடைசியில் ஒட்டறதுக்கே பல் மிச்சம் இல்லாட்டி பிடுங்கறதுதான் வழி. பசைக்குப் பிடிமானம் தர்றது மிச்சமிருக்கிற பல்தான். நாம காப்பாத்தவேண்டியதும் அதைத்தான். அம்மா 'லேசாத்தான் வலிக்குது'ன்னு சொல்றப்பவே, அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போறது காலேஜ் போற நம்ம வேலை.

உஷார் டிப்ஸ்!

• உடைஞ்ச துண்டு கிடைச்சா தூக்கிப் போடாதீங்க. பாலிலோ தண்ணியிலோ போட்டு, சீக்கிரம் டாக்டர்கிட்ட ஓடுங்க. பல நேரம் அந்தத் துண்டையே திரும்ப ஒட்டிடலாம்.

• 'ஃபெவிக்விக் இருக்கே'ன்னு நீங்களே வீட்டில் ஒட்டாதீங்க. துண்டு கோணலா ஒட்டும், ஈறு புண்ணாகும், பல்லின் உயிர்ச்சதையும் கெடலாம்.

• கிராம்புத் தைலம் வெச்சிருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதுல இருக்கிற யூஜினால் ரெசினை இறுக விடாது.

• ப்ளீச்சிங் பண்ணி வெள்ளையாக்கின கையோட அடைக்கப் போகாதீங்க. ஒண்ணு ரெண்டு வாரம் இடைவெளி விட்டாத்தான் ஒட்டு நிக்கும்.

• பல்லுக்கு க்ளிப் போட்ட ஃபிகர்களே, ஹீரோக்களே… ஒவ்வொரு க்ளிப்பும் இதே டெக்னிக்கில்தான் ஒட்டியிருக்கு. சாத்தூர் காராச்சேவைக் கடிச்சா 'டக்'னு கழண்டுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா க்ளிப்பை ஒண்ணும் பண்ணாது. ஆனா, ராத்திரி பல் தேய்க்காமப் படுத்தீங்கன்னா, அடுத்த ஆசிட்டைத் தடவப்போறது டாக்டர் இல்லை, உங்க வாயில் குடியிருக்கிற பாக்டீரியா!