ஓரியூரிலும் ஒரு ஹென்றி கதை!

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி, ஆண் வாரிசு இல்லையென்று மனைவி கேதரினைத் தள்ளிவைக்கப் பார்த்தார். போப் சம்மதிக்கலை. 'போய்யா நீயும் உன் சம்மதமும்' என்று 1534-ல் திருச்சபைக்குத் தானே தலைவராகிவிட்டார்!

நம்ம பக்கம் கதை அப்படியே உல்டா. விருதுநகர், சிவகாசியெல்லாம் 1985 வரை சேர்ந்திருந்ததே ராமநாதபுரம் மாவட்டம், அந்தச் சீமையில் நடந்தது. சேதுபதி வம்சத்துத் தடியத்தேவர், போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழணும் என்பது நிபந்தனை. மற்ற மனைவிகளை அனுப்பிவிட்டார். அதில் ஒருத்தி கடலாயி, கிழவன் சேதுபதிக்கு உறவு! விஷயம் அரண்மனைக்குப் போச்சு. பாதிரியார் கைது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

1947-ல் ரோமாபுரி அவரைப் புனிதராக்கியது. ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் பக்தியோடு அள்ளிப் போகிறார்கள்.

ஹென்றி மதத்தை விட்டார், கேதரின் வெளியே. தேவர் மதத்தில் சேர்ந்தார், கடலாயி வெளியே. என்ன நியாயமோ!