மேஜையில் ஜெயித்த கதை திரையில் தோற்றது ஏன்?

"கதவுக்குப் பின்னால் உறுமல் சத்தம் கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார் ஒருவர்.

"கதவை உடைத்து உள்ளே பாய்வேன்!" என்கிறார் மற்றொருவர்.

பகடை உருளுகிறது. அதற்கு 20 முகங்கள். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். விழுந்தது 1!

"கதவு அசையவில்லை. உன் தோள்தான் வலிக்கிறது" என்கிறார் முதல் ஆசாமி. ஒரே சிரிப்பு!

இது "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டு. பாதாளச் சிறைகளும் டிராகன்களும் என்று அர்த்தம். டிராகன் என்பது சிறகு முளைத்த, நெருப்பைக் கக்கும் பூத நாகம். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். 1974ல் இது வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள்தான்!

ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேஷம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். அடுத்து என்ன நடக்கும் என்பது கதை சொல்பவருக்கே தெரியாது. பாதியை நண்பர்கள் முடிவு செய்வார்கள்; பாதியைப் பகடை முடிவு செய்யும். ஒரே கதையை வருஷக்கணக்கில் ஆடுகிறவர்களும் உண்டு. அப்படி வளர்த்த வீரன் செத்துப்போனால் ஆடியவர் கண் கலங்கிவிடுவார்.

10 வருஷ அலைச்சல்

கோர்ட்னி சாலமன் என்ற இளைஞருக்கு இந்த விளையாட்டின் மீது அபார மோகம். 20 வயதையொட்டியே படம் எடுக்கும் உரிமையைப் பெற்றார். பணத்துக்காகச் சுமார் 10 வருஷம் அலைந்தார். கடைசியில் தாமே டைரக்டு செய்தார்.

2000ல் படம் வந்தது. செலவு சுமார் 4½ கோடி டாலர். வசூல் சுமார் 3½ கோடி டாலர். படுதோல்வி!

ஜெரமி அயன்ஸ் போன்ற பெரிய நடிகர் இருந்தார். டிராகன் கூட்டமே வானத்தில் சண்டை போட்டது. ஆனால், மேஜையைச் சுற்றி இருந்த சிரிப்பு எங்கே? பதைப்பு எங்கே? பகடை விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள், இங்கே சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. கதாநாயகன் ஜெயிப்பான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும்!

பிணத்துக்கு 5 கேள்வி

2023ல் இன்னொரு படம் வந்தது. அதை டைரக்டு செய்த இருவரில் ஒருவர் ஜான் பிரான்சிஸ் டேலி. இவர் சிறுவனாக இருந்தபோது ஒரு டெலிவிஷன் தொடரில் நடித்தவர். அதில் இதே விளையாட்டை ஆடும் காட்சி உண்டு!

இந்தப் படத்தில், ஒரு மாயப் பாலத்தை எப்படிக் கடப்பது என்று ஒருவன் நீட்டி முழக்குகிறான். அதற்குள் இன்னொருவன் தவறிக் கால் வைக்கிறான். பாலமே பொடிப்பொடி!

மற்றொரு காட்சியில் பிணத்தை எழுப்புகிறார்கள். அது 5 கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும். இவர்கள் உளறிக் கேள்விகளை வீணாக்கிவிட்டு, அடுத்த குழியைத் தோண்டுகிறார்கள்! மேஜையில் நடக்கும் கூத்து அப்படியே இதுதான். ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனாலும், செலவு சுமார் 15 கோடி டாலர். வசூல் சுமார் 20 கோடி டாலர். தியேட்டர்காரர்கள் பங்கு போனால், மிஞ்சுவது செலவுக்கே போதாது.

அதே 2023 அக்டோபரில், "கிரிட்டிகல் ரோல்" என்ற நடிகர் குழு லண்டன் வெம்ப்ளி அரங்குக்கு வந்தது. வானத்தில் டிராகன் கூட்டம் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டினார்கள். அவ்வளவுதான்!

பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். டிக்கெட் அத்தனையும் முன்பே விற்றுப்போயிருந்தது.