நாலு மணி எல்லோருக்கும் எதற்கு?

மகாராஷ்டிர மாநிலம் இகத்புரியில் இருக்கும் தம்மகிரி விபாசனா மையத்தில் விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30-க்குத் தொடங்கும் தியானம் 6.30 வரை நீளும். சென்னையை அடுத்த திருமுடிவாக்கம் தம்மசேது உட்பட, எஸ்.என்.கோயங்கா மரபில் நடக்கும் மையங்களில் பத்து நாள் முகாமுக்கு இதே அட்டவணைதான். முகாம் முடித்து வந்தவர்களும், அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் வீட்டில் நாலு மணிக்கு அலாரம் வைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் அலாரம் நின்றுபோகிறது. ‘நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது’ என்று தியானத்தையே கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த அட்டவணைக்கு இன்னொரு பாதி உண்டு. முகாமில் இரவு 9.30-க்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது. காலை டிபனும் 11 மணிச் சாப்பாடும் யாரோ சமைத்துத் தருவது. இரவு 11 மணிக்குப் பாத்திரம் துலக்கி முடித்து, விடிந்ததும் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் பெண்ணுக்கு அந்த நாலு மணி எப்படிப் பொருந்தும்? பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ வல்லுநர்கள். அதில் கை வைத்துவிட்டுத் தியானத்தில் அமர்ந்தால் கண் சொக்கத்தான் செய்யும்.

வேலைக்குப் போகிறவர்களால் தியானம் முடியாது என்பதல்ல இதன் பொருள். கோயங்காவின் ஆசிரியர் சயாஜி ஊ பா கின் துறவி அல்ல. பர்மாவின் கணக்குத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த குடும்பஸ்தர். 1937-ல் சயா தெட்ஜி என்ற விவசாயியிடம் தியானம் பழகினார். 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றபோது, அந்த நாட்டின் தலைமைக் கணக்காயர் பொறுப்பு அவரிடம் வந்தது. தம் அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவர் தியானம் கற்றுத் தந்தார். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் அவரிடம் வந்த வியாபாரிதான் கோயங்கா.

தமிழ்நாட்டிலும் அதே வழி உண்டு. கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, குடும்பத்தில் இருப்பவர்கள் செய்யும்படி எளிமையாக்கித் தந்ததுதான் மனவளக்கலை. பொள்ளாச்சி அருகே ஆழியாறு அறிவுத்திருக்கோயிலுக்கு இன்றும் வேலைக்குப் போகிறவர்களும் இல்லத்தரசிகளும் அதற்காக வருகிறார்கள்.

காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு, ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் எழுதிய முறை கைகொடுக்கும். வசதியாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். பாதத்திலிருந்து முகம் வரை தசைகளைத் தளர்த்த வேண்டும். மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்ல வேண்டும். நினைவு எங்காவது ஓடினால் அதோடு மல்லுக்கட்டாமல் சொல்லுக்குத் திரும்பினால் போதும். 10 முதல் 20 நிமிடம். இடையில் கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்கலாம், அலாரம் மட்டும் வேண்டாம் என்றார் பென்சன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் டிபனுக்கு முந்தைய நேரம் தோது. அந்தச் சொல் முருகா, அல்லா, இயேசு என எதுவாகவும் இருக்கலாம். காலையில் பூஜையோ தொழுகையோ ஜெபமோ இருக்கும் வீடுகளில், அதை ஒட்டியே பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வது இன்னும் சுலபம்.

உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்பவர்கள் நடக்கலாம். பர்மாவின் மகாசி சயாடோ மரபில், உட்கார்ந்து செய்யும் தியானத்துக்குச் சமமான இடம் நடைத் தியானத்துக்கும் உண்டு. கால் எழுவதை, முன்னே நகர்வதை, தரையில் பதிவதை ஒவ்வொன்றாகக் கவனித்தபடி மெல்ல நடப்பார்கள். மொட்டை மாடியே போதும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு எழுந்திருக்கும் நேரம்தான் காலை. அது பகல் 2 மணியானாலும் குற்றமில்லை.

பலன் உண்டா? 47 ஆய்வுகளில் பங்கேற்ற 3,515 பேரின் தரவுகளை அலசிய கட்டுரை ஒன்று 2014-ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை தியானத்தால் ஓரளவு குறைவதாக அது சொன்னது. எல்லாப் பிணியையும் தீர்க்கும் என்று அது சொல்லவில்லை. சிலருக்குத் தியானத்தால் கலக்கம் கூடுவதும் உண்டு. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் கணக்கிட்டார்கள். சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை. இடையே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ‘தினம் செய்யும் இன்ன வேலைக்குப் பிறகு’ என்று முடிச்சுப் போட்டுக்கொண்டால் பழக்கம் எளிதாகப் படியும். பல் துலக்கியதும், குளித்ததும், பால் வாங்கி வந்ததும் என எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

நம் வீடுகளில் இந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் தவிப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாளைக் காலை அந்தப் பத்து நிமிடம் அடுப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.