மடிக்கணினிக்குப் பெரிய திரை: வீட்டிலிருந்து கற்பிக்கவும் தேர்வுக்குப் படிக்கவும்



பள்ளி திடீரென்று மூடப்படுவது ஜொகூரில் இருக்கும் நமக்குப் புதிதல்ல. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கம் வெள்ளம். ஒவ்வொரு முறையும் வகுப்பு வீட்டுக்கு வந்தது. 14 அங்குல மடிக்கணினிக்குள் மாணவர் முகம், பாடக்குறிப்பு, விடைத்தாள், புள்ளித் திட்டம் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதாயிற்று. கூடத்தில் பெரிய தொலைக்காட்சி சும்மா இருக்கும்போது கழுத்தை வளைத்துக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்? ஒரு கேபிள் போதும். ஆனால் எந்தக் கேபிள், செருகிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் மடிக்கணினியின் ஓரத்தைப் பாருங்கள். பட்டையாக, கீழ்ப்பக்கம் இரு முனையும் சரிந்தாற்போல் ஒரு போர்ட் இருந்தால் அதுதான் எச்.டி.எம்.ஐ. அதே போர்ட் தொலைக்காட்சியின் பின்னாலும் இருக்கும். படமும் ஒலியும் ஒரே கேபிளில் போய்விடும். தொலைக்காட்சியில் ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி எச்.டி.எம்.ஐ. 1 அல்லது 2, நீங்கள் எதில் செருகினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். “கேபிள் செருகிட்டேன், படம் வரலையே” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள்.

புதிய மெல்லிய மடிக்கணினிகளில் எச்.டி.எம்.ஐ. இல்லாமல் சிறிய நீள்வட்ட யூ.எஸ்.பி.-சி மட்டும் இருக்கலாம். இங்கே கவனம் தேவை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யூ.எஸ்.பி.-சி போர்ட்டும் படத்தை வெளியே அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. கைப்பேசியோடு வந்த சார்ஜ் கேபிளும் பெரும்பாலும் படத்துக்கு உதவாது. கடைக்குப் போகுமுன் உங்கள் மடிக்கணினியின் மாடல் எண்ணை வைத்து, அந்த போர்ட் ‘டிஸ்பிளே போர்ட்’ வசதி தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினித் திரைகளிலும் பள்ளியின் பழைய புரொஜெக்டர்களிலும் நீல நிறத்தில் 15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. இருக்கும். அது படத்தை மட்டும் கொண்டுபோகும், ஒலி போகாது. மாற்றி வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்குங்கள்: எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு. எதிர்த்திசை மாற்றியும் அதே கடையில் தொங்கும். அதை வாங்கினால் வேலை செய்யாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டுமே உள்ள பழைய பெட்டித் தொலைக்காட்சியை விட்டுவிடுங்கள். அதில் எழுத்து வாசிக்கத் தேறாது.

சரி, படம் வந்துவிட்டது. இப்போது தமிழாசிரியர்களுக்கே உரிய ஒரு சிக்கல். திரை பெரிது என்பதால் எழுத்து தெளிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் இருப்பது 1366 × 768 படப்புள்ளிகள்தான். 24 அங்குலக் கணினித் திரை ஒன்றில் 1920 × 1080 இருக்கும். அதாவது தொலைக்காட்சியில் குறைந்த புள்ளிகளே அகலமான பரப்பில் விரிகின்றன. ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். தமிழில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிதான் முதலில் மங்கும். ‘பள்ளி’ என்று மாணவர் எழுதியிருந்தாலும் உங்கள் கண்ணுக்கு ‘பளளி’யாகத் தெரியும். ஒற்றுப்பிழைக்குப் புள்ளி குறைக்கும் வேலையில் இது சின்ன விஷயமா?

ஆகவே ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ போய், பெரிய திரைக்கு ‘ரெக்கமெண்டட்’ என்று காட்டும் தெளிவளவையே வையுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் தெளிவளவைக் குறைக்காமல், ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 விழுக்காடு ஆக்குங்கள். தொலைக்காட்சியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அதன் பட அளவு மெனுவில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சில தொலைக்காட்சிகளில் அந்த எச்.டி.எம்.ஐ.-க்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றினாலே எழுத்து கூர்மையாகிவிடும். இன்னொன்று: மாணவர்கள் விடைத்தாளைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பும்போது படம் சுருங்கி, புள்ளிகள் அங்கேயே தேய்ந்துவிடுகின்றன. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தபடியே வந்துசேரும்.

விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். ‘டூப்ளிகேட்’ இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும். நமக்கு வேண்டியது ‘எக்ஸ்டெண்ட்’. இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நீண்ட மேசைபோல ஆகிவிடும். பெரிய திரையில் விடைத்தாள், மடிக்கணினியில் புள்ளித் திட்டம். மாற்றி மாற்றித் திறக்கும் வேலையே இல்லை. சுட்டி எந்தப் பக்கமாகப் போகிறது என்று குழம்பினால், அதே ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’இல் 1, 2 என்ற கட்டங்களை உங்கள் மேசையில் திரைகள் இருக்கும் வரிசைக்கு இழுத்து வையுங்கள். குரோம்புக் வைத்திருப்பவர்கள் ‘கண்ட்ரோல்’ பொத்தானோடு முழுத்திரைப் பொத்தானை அழுத்தி இந்த இரு வகைக்கும் மாறலாம்.

வகுப்பின்போது இந்த நீண்ட மேசை ஆபத்தாகவும் முடியலாம். கூகள் மீட்டில் ‘முழுத்திரை’யைப் பகிர்ந்தால், அந்தத் திரையில் நீங்கள் திறப்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மற்ற மாணவரின் புள்ளிப் பட்டியல், பெற்றோர் அனுப்பிய அந்தரங்கச் செய்தி, நாளைய சோதனைத் தாள், எதுவும். ஒரு பிள்ளை வாங்கிய குறைந்த புள்ளி வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. எப்போதும் ஒரு ‘விண்டோ’வை அல்லது ‘டேப்’பை மட்டும் பகிருங்கள். காணொளி போட்டுக் காட்டும்போது ‘டேப்’பே நல்லது, ஒலியும் சேர்ந்து போகும்.

உங்கள் திரை பெரிதாகிவிட்டது, மாணவரின் திரை ஆகவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2020இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்தக் கருவியுமே இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர் சுமார் 9 விழுக்காடு. கருவி இருந்தவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். 24 அங்குலத்தில் உங்களுக்கு வசதியாகத் தெரியும் செய்யுள், 6 அங்குலக் கைப்பேசியில் எறும்பு வரிசை. பகிரும் பக்கத்தை 150 அல்லது 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, உங்கள் கைப்பேசியிலும் அதே வகுப்பில் ஒலியை அடைத்துவிட்டு நுழைந்து ஒருமுறை பாருங்கள். உண்மை அங்கே தெரியும்.

எச்.டி.எம்.ஐ. செருகியதும் ஒலி தொலைக்காட்சிக்குத் தாவும். அது மீண்டும் ஒலிவாங்கியில் விழுந்து வகுப்பில் எதிரொலிக்கும். கீழே வலப்பக்கம் ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கி, காதணிக் கருவிக்கு மாற்றிவிடுங்கள்.

எஸ்.பி.எம். மாணவர்களே, உங்களுக்கும் இது உதவும். கடந்த ஆண்டுக் கேள்வித்தாளைப் பெரிய திரையில் போட்டு, விடையைத் தாளில் பேனாவால் எழுதுங்கள். தேர்வு அப்படித்தானே நடக்கும்! மடிக்கணினியில் கடிகாரம் மட்டும் ஓடட்டும். திரை கண்மட்டத்தில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள், சன்னலுக்கு வெளியே மாமரம் இருந்தால் அதுவே போதும்.

மதியத்துக்கு மேல் இடி கேட்கத் தொடங்கினால் வகுப்பை மின்கலத்தில் தொடருங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தொலைக்காட்சியின் பிளக்கையும், ஆன்டெனா வயரையும், எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் ஆன்டெனா வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தால், அந்தக் கேபிள் வழியாக மடிக்கணினிக்கும் வந்துவிடும்.