விபரக்கொத்தில் யாருக்கு இடம்?

ஹற்றன், நுவரெலியா வர்த்தகர்கள் சமூக சேவை விபரக்கொத்து ஒன்றைத் தொகுக்க முன்வந்தால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பி எந்த அமைப்பையும் சேர்க்கலாகாது. பள்ளிவாசலாயின் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

பதிவு இருந்தாலும் சேவை கைமாறியிருக்கலாம். ஹலால் சான்றிதழ் வழங்குவதிலிருந்து அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2013இல் விலகியது; 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை அதனை ஏற்றது. பழைய பெயரை அச்சிட்டால் ஹோட்டல்காரர் வீணாக அலைவார்.

தோட்டப்புறத்துச் சிறிய ஜனாஸா சங்கத்துக்குப் பதிவு இல்லாதிருக்கலாம். அதன் சேவையைப் பள்ளிவாசல் நிர்வாகம் உறுதிப்படுத்தினால் சேர்க்கலாம். ஆனால், ஸகாத், ஸதகா வசூலிப்போர் பதிவும் கணக்கறிக்கையும் காட்டியே ஆக வேண்டும். விபரக்கொத்தை நம்பிக் கொடுக்கப்படும் பணம் அமானிதமல்லவா?