வேட்புமனுவும் மறுநாள் கூலியும்

வர்க்கமா, அடையாளமா என்ற விவாதம் நம் கூட்டங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 'கூலி உசந்தா சாதி தன்னால போயிடும்' என்பார் ஒரு சாரார். அடையாளம்தான் எல்லாம் என்பார் மறு சாரார். இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் ஜனநாயகம் எங்கே முடங்குகிறது என்பது தெரியாமலே போகிறது என்று நான் கருதுகிறேன்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை எடுத்துக்கொள்வோம். 1996-இல் அவற்றின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுவே விழாது, அல்லது ஆதிக்க சாதி நிறுத்திய ஆள் ஜெயித்து, உடனே ராஜினாமா செய்வார். 2006 வரை இதே கதைதான். அதே மாவட்டத்தின் மேலவளவில் தலைவராகிவிட்ட முருகேசனும் மற்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர்.

சட்டம் இருந்தது, வாக்குச்சீட்டு இருந்தது. அப்புறம் எது தடுத்தது? மனு போடுகிறவர் மறுநாள் யார் வயலில் வேலைக்குப் போவார், யாரிடம் கடன் கேட்பார், எந்தத் தெரு வழியாக நடப்பார்? நிலம் வைத்திருப்பவரும் ஊர்க்கட்டுப்பாடு போடுகிறவரும் ஒரே ஆட்களாக இருக்கும் இடத்தில் கூலியும் சாதியும் வேறு வேறு அல்ல.

அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாடு நீடித்தால் ஜனநாயகமே தகரும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். ஆகவே தோழர்களே, கூலிக்கு ஒரு மேடை, சாதி ஒழிப்புக்கு இன்னொரு மேடை என்று இனியும் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. மனு போட்டவருக்கு மறுநாளும் வேலை கிடைக்க வேண்டும். அதற்கான அமைப்பைக் கட்டுவதே நம் முதல் வேலை.